குறியீடு நிறைந்த ஓர் ஓவியத்தைப் படியெடுத்து எண்ணெய் வண்ணம் பழகலாம்

மலையகத்துப் பாடசாலைகளில் சித்திரம் படித்தவர்களுக்குப் பேஸ்டலும் போஸ்டர் கலரும் நீர்வண்ணமும் கைப்பழக்கம். எண்ணெய் வண்ணம் அப்படியில்லை. ஆசைப்பட்டு கண்டியிலோ கொழும்பிலோ ஒரு பெட்டி டியூப் வாங்கி வந்தவுடன் பலரும் முதலில் வரைய உட்காருவது ஒரு நீர்வீழ்ச்சியைத்தான். டெவோன் நீர்வீழ்ச்சி, பக்கத்தில் தேயிலை மலை, மேலே மூடுபனி. அன்றைக்கே எல்லா நிறமும் ஒன்றோடொன்று இழுபட்டுச் சேற்று நிறத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு டியூப்கள் அலுமாரிக்கு மேலே போய்விடும்.

இதில் வரைபவர் மேல் குற்றமில்லை. பனியும் புல்வெளியும் எண்ணெய் வண்ணத்தில் மிகக் கடினமான விஷயங்கள். விளிம்பு இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு வடிவம் இல்லை. ஒரே பச்சைக்குள் நூறு பச்சை. தொடங்குகிறவருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: தெளிவான விளிம்புள்ள பொருட்கள், ஒரே பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம், மரம், துணி, உலோகம், கண்ணாடி, பழம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு தோல் கொண்ட ஒரு படம். பழைய குறியீட்டு ஓவியங்களில் இவை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கும். அதனால்தான் ‘இவ்வளவு சிக்கலான படமா?’ என்று பயப்படாமல், அப்படியான ஒன்றின் சிறு பகுதியைப் படியெடுத்துப் பழகச் சொல்கிறேன். படத்தின் தோற்றத்தை அல்ல, அது எந்த வரிசையில் கட்டப்பட்டது என்பதைப் படியெடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

படியெடுப்பது களவு இல்லையா?

இல்லை. ஓவியம் பழகும் வழிகளிலேயே பழையது அதுதான். பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறந்த காலத்திலிருந்தே ஓவியர்கள் உள்ளே நின்று படியெடுத்து வருகிறார்கள். இன்றும் அனுமதி உண்டு, ஆனால் அசலின் அதே அளவில் வரையக்கூடாது. ரூபன்ஸ் புகழ் பெற்ற பிறகும் டிஷியனின் படங்களைப் படியெடுத்தார். வான் கோ 1889, 1890 ஆண்டுகளில் சான் ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள் மட்டும். நிறத்தை அவரே போட்டுக்கொண்டார். வெளிநாட்டுக்குப் போய் அசலைப் பார்க்க முடியாத நமக்கு இது தெம்பு தரும் செய்தி.

எந்தப் படம்?

யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ‘ஆர்னோல்ஃபீனி தம்பதியர்’ என்ற படத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஓக் மரப் பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 82.2 சென்டிமீட்டர், அகலம் 60. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஓவியர் 1441-இல் இறந்துவிட்டதால் உரிமைப் பிரச்சினை எதுவும் கிடையாது. அந்த ஓவியக்கூடத்தின் இணையப் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி, நாயின் மயிர் வரைக்கும் பார்க்கலாம்.

படத்தில் இருப்பது ஓர் அறை. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்தில் வியாபாரம் செய்த இத்தாலிய வணிகர் ஒருவர், பெரிய தொப்பியும் மயிர்த்தோல் மேலங்கியும் போட்டு நிற்கிறார். பக்கத்தில் பச்சை உடையில் ஒரு பெண். உடையைக் கொசுவிப் பிடித்திருப்பதால் கர்ப்பிணி போலத் தெரியும். அது அந்தக் காலத்து உடுப்பின் பாங்கு. இருவர் கையும் சேர்ந்திருக்கிறது. காலடியில் ஒரு குட்டி நாய். கழற்றிப் போட்ட மரச் செருப்பு. ஜன்னல் விளிம்பில் ஒரு தோடம்பழம், கீழே பெட்டியின் மேல் இன்னும் சில. மேலே பித்தளைச் சரவிளக்கு. அதில் ஒரேயொரு மெழுகுதிரி மட்டும், பட்டப்பகலில், எரிகிறது. பின்சுவரில் குவிந்த கண்ணாடி. கண்ணாடிக்குள் இந்த இருவரின் முதுகும் வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். கண்ணாடியின் சட்டத்தில் பத்துச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. அதற்கு மேலே சுவரில் ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434’ என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. சாதாரணமாக ஓவியர்கள் ‘இவர் வரைந்தார்’ என்றுதான் எழுதுவார்கள்.

இனி குறியீடு என்றால் என்ன என்ற கேள்வி. இதற்கு நமக்கு ஐரோப்பியப் பாடம் தேவையில்லை. வீட்டுச் சாமிப் படத்தில் சரஸ்வதி கையில் வீணையும் ஏடும் மாலையும் இருந்தால் அது யார் என்று குழந்தைக்கும் தெரியும். தாமரை, யானை, கையிலிருந்து கொட்டும் காசு என்றால் லட்சுமி. காலண்டர்களில் வந்து நம் சுவர்களுக்கு ஏறிய அந்த முகங்களுக்கு ஒரு மூலம் ரவி வர்மா (1848–1906). அவரும் எண்ணெய் வண்ணக்காரர்தான். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம்தான் அந்தப் படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனது. ஆகவே பொருளைப் பார்த்து அர்த்தம் படிப்பது நமக்குப் பழகிய வேலை.

வான் ஐக் படத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தாமரையில் யாரும் உட்காரவில்லை. எல்லாம் சாதாரண வீட்டுச் சாமான். நாய் நாயாகவே இருக்கிறது, விசுவாசத்தையும் சொல்லலாம். தோடம்பழம் பழமாகவே இருக்கிறது. தெற்கிலிருந்து வரவழைத்துத் தின்னும் அளவுக்குப் பணக்காரர் என்றும் சொல்லலாம். எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1934-இல், இது ஒரு திருமணத்துக்குச் சாட்சிப் பத்திரம் போன்ற படம், எரியும் மெழுகுதிரி எல்லாம் பார்க்கும் கடவுள் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண் முன்பே இறந்தவர், இது நினைவுப் படம் என்ற வாதமும் வந்தது: ஆணின் பக்கத்து மெழுகுதிரி எரிகிறது, பெண்ணின் பக்கம் அணைந்துபோன அடிக்கட்டை மட்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. வரைகிறவருக்கு இதில் கிடைப்பது வேறொன்று: ஓவியர் எங்கே கவனத்தைக் கொட்டினார் என்பதற்கு ஒரு வரைபடம்.

எண்ணெய் எப்படிக் காய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஆகையால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீர்வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதால். எண்ணெய் வண்ணம் அப்படிக் காய்வதே இல்லை. டியூப்பில் இருப்பது நிறப்பொடியும் ஆளி விதை எண்ணெயும். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மெல்ல ஒரு கெட்டித் தோலாகிறது. ஆவியாகிப் போவது ஒன்றுமில்லை. இந்தக் குணம் எல்லா எண்ணெய்க்கும் கிடையாது. ஆளி விதை, வால்நட், கசகசா எண்ணெய்களுக்கு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அறவே கிடையாது. வண்ணம் இறுகிவிட்டது என்று சமையலறையிலிருந்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டீர்களானால் அந்தப் படம் அடுத்த தைப்பொங்கலுக்கும் ஈரமாகவே இருக்கும்.

வான் ஐக்தான் எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய இத்தாலியர் வசாரி எழுதியதால் பரவியது. உண்மையில் ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், 7ஆம் நூற்றாண்டளவிலான பௌத்தச் சுவரோவியங்களிலேயே காயும் எண்ணெய் பாவித்திருக்கிறார்கள் என்பது 2008-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. வான் ஐக் செய்தது வேறு. மெதுவாகக் காயும் அந்தக் குணத்தைத் தனக்குச் சாதகமாக்கி, மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வெளிச்சம் மேல் படலங்களுக்குள்ளே நுழைந்து, அடியில் இருக்கும் வெள்ளை அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அவர் படங்களில் நிறம் உள்ளிருந்து ஒளிர்வது போல இருப்பதற்குக் காரணம் அதுதான்.

படலம் அடுக்கும்போது ஒரு விதி இருக்கிறது: எண்ணெய் குறைந்தது அடியில், எண்ணெய் கூடியது மேலே. முதல் படலத்தை டர்பன்டைன் என்ற கரைப்பானில் கரைத்து மெல்லியதாகப் பூசுவோம். அது சீக்கிரம் காயும். மேலே போகப் போக ஆளி விதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். அவை மெதுவாகக் காயும், கூடுதலாக வளைந்துகொடுக்கும். இதை மாற்றிச் செய்தால் மேல் தோல் முதலில் இறுகிவிடும், அடி இன்னும் அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு வரும். ஈர மண் சுவரில் அவசரமாகச் சிமெந்து பூசினால் என்ன நடக்குமோ அதுதான்.

நிறப்பொடியும் காயும் வேகத்தை மாற்றும். பேர்ன்ட் அம்பர் என்ற பழுப்பில் மங்கனீசு இருப்பதால் வேகமாகக் காயும். அலிசரின் சிவப்பு மெதுவாகத்தான். அதனால்தான் அடிப்படலத்துக்கு அம்பர், மேல் பூச்சுக்கு அலிசரின் என்று வழக்கம் வந்தது.

இப்போது நம் ஊர் வானிலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். குளிரும் ஈரமும் எண்ணெயின் காயும் வேகத்தைக் குறைக்கும். வெளிநாட்டுக் காணொளியில் ‘நாளைக்கு அடுத்த படலம்’ என்று சொன்னால் நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ அதை நம்ப வேண்டாம். விரலால் மெல்லத் தொட்டு, ஒட்டவில்லை என்றால் மட்டும் அடுத்தது. பதுளைப் பக்கம் வெயில் காலத்தில் கொஞ்சம் துரிதமாக நடக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றும் யோசனை வேண்டாம். புகைக்கரி ஈர வண்ணத்தில் ஒட்டினால் எடுக்க முடியாது, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பனி காலத்தில் பலகையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல், பின்னால் காற்றுப் போகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாங்க வேண்டியவை

கன்வஸ் தேவையில்லை. ஹாட்வெயார் கடையில் ஹார்ட்போர்டோ பிளைவுட்டோ வாங்கி, ஒரு கொப்பியின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வான் ஐக்கும் பலகையில்தான் வரைந்தார். அவருடைய அடித்தளம் சுண்ணப் பொடியும் விலங்குப் பசையும். நமக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடித்தளப் பூச்சுப் போதும். இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் சேண்ட் பேப்பரால் ஒரு தேய்ப்பு. பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மலைநாட்டு ஈரத்தில் பலகை வளைந்துவிடும்.

டியூப் எட்டுப் போதும்: டைட்டேனியம் வெள்ளை, யெலோ ஓக்கர், கட்மியம் மஞ்சள், பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், விரிடியன் பச்சை. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் அம்பரும் கலந்தால் டியூப் கறுப்பை விட நல்ல கறுப்பு வரும். வான் ஐக் பாவித்த ஈய வெள்ளையும் செம்புத்துருப் பச்சையும் விஷம். அவற்றைத் தேடிப் போகாதீர்கள். தூரிகை மூன்று, ஒரு போத்தல் ஆளி விதை எண்ணெய், ஒரு போத்தல் டர்பன்டைன். எண்ணெயை ஓவியப் பொருள் கடையிலேயே வாங்குங்கள். ஹாட்வெயாரில் தளபாடத்துக்கு விற்கும் ‘கொதித்த’ வகை சீக்கிரம் காயும், ஆனால் மஞ்சளாகிக் கறுத்துப் போகும். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் சரிவராது.

படத்தைக் கொமியுனிகேஷன் கடையில் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கலரில், ஒன்று கறுப்பு வெள்ளையில். கறுப்பு வெள்ளைப் பிரதிதான் உங்கள் உண்மையான ஆசிரியர். எது எவ்வளவு இருட்டு, எது எவ்வளவு வெளிச்சம் என்பதை நிறம் மறைத்துவிடும். கலருக்குப் பிரதியையும் போனையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டுமே கொஞ்சம் பொய் சொல்லும், நடுவில் உண்மை இருக்கும்.

ஒரு பழம், ஒரு விளிம்பு

முழுப் படத்தையும் எடுக்கக்கூடாது. முகமும் கையும் இப்போதைக்கு வேண்டாம். இடது பக்கத்து ஜன்னலும் அதன் விளிம்பில் இருக்கும் தோடம்பழமும் போதும். மரம், வெளிச்சம், உருண்டையான ஒரு பொருள், அதன் நிழல். அசலை விடப் பெரிதாக வரையுங்கள். கைக்கும் வசதி, லூவர் விதிக்கும் பொருந்தும்.

பிரதியில் சதுரக் கோடு போட்டு, பலகையிலும் அதே எண்ணிக்கைச் சதுரங்கள் போட்டு, பென்சிலால் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த முறையைப் பாடசாலையிலேயே பழகியிருப்பீர்கள். கோடு சரியாக விழும் வரைக்கும் அவசரம் வேண்டாம், ஆனால் கோட்டுக்கு அடிமையாகவும் வேண்டாம். அகச்சிவப்புக் கதிரில் இந்தப் படத்தைப் படம் பிடித்துப் பார்த்தபோது, வான் ஐக்கே முகங்களிலும் கண்ணாடியிலும் கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. வண்ணத்துக்கு அடியில் இருக்கும் அந்த முதல் கோட்டு வரைவில் நாய் இல்லவே இல்லை. விசுவாசத்தின் குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்ட அந்த நாய், பிற்பாடு யோசித்துச் சேர்த்தது. குறியீடுகள் எல்லாம் முதல் நாளே திட்டம் போட்டு வைத்தவை என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல மருந்து.

கோடு முடிந்ததும் அம்பரை டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, நிழல் விழும் இடங்களை மட்டும் பூசுங்கள். வெளிச்சம் உள்ள இடத்தில் வெள்ளை அடித்தளத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இந்த நிலையிலேயே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கறுப்பு வெள்ளைப் பிரதி போலத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே போகாதீர்கள். இங்கே விட்ட பிழையை எந்த நிறமும் திருத்தாது.

காய்ந்த பிறகு பழத்துக்கு வாருங்கள். ‘ஒரேஞ்’ என்று எழுதிய டியூப் இருந்தாலும் தொடவேண்டாம். முதலில் பழத்தை மஞ்சளாக வரையுங்கள். கட்மியம் மஞ்சளும் வெள்ளையும் கலந்து வெளிச்சம் படும் பக்கம். மஞ்சளும் ஓக்கரும் நடுப்பகுதி. ஓக்கரும் அம்பரும் நிழல் பக்கம். ஒன்றோடொன்று சேரும் இடத்தை உலர்ந்த தூரிகையால் மெல்லத் தடவிவிடுங்கள். இப்போது கையில் இருப்பது ஒரு வெளிறிய எலுமிச்சை. பயப்பட வேண்டாம். நன்றாகக் காயவிடுங்கள், நுவரெலியாவில் ஒரு வாரத்துக்கு மேலேயும் ஆகலாம்.

அப்புறம் பேர்ன்ட் சியன்னாவை ஆளி விதை எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பழம் முழுக்கப் பூசுங்கள். சியன்னா ஒளி ஊடுருவும் நிறம். மஞ்சள் அதற்குள்ளிருந்து வெளியே வரும், பழம் தோடம்பழ நிறத்துக்கு மாறும். வெளிச்சம் படும் இடத்தில் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நிழல் பக்கத்தில், அது காய்ந்த பின், சொட்டு அலிசரின். கடைசியாக ஒரு புள்ளி வெள்ளை, ஜன்னலைப் பார்த்த பக்கத்தில். புள்ளியை நடுவில் வைத்தால் பழம் தட்டையாகிவிடும். ஓரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இந்த மெல்லிய மேல் பூச்சுதான் எண்ணெய் வண்ணத்தின் இரகசியம் என்று சொல்லத் தோன்றும். எனக்கென்னவோ இரகசியம் அதற்கு முந்தைய மஞ்சளில்தான் இருக்கிறது. அடி தெளிவாக இல்லாவிட்டால் எவ்வளவு சியன்னா பூசினாலும் கலங்கல் தேநீர்தான். பெண்ணின் பச்சை உடையும் இதே வழியில் போகும்: அடியில் வெளிறிய பச்சையில் மடிப்புகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மேலே விரிடியன் பூச்சு. கட்டிலின் சிவப்பும் அப்படியே.

அடுத்த பலகை: எரியும் மெழுகுதிரி

பழம் கைக்கு வந்த பிறகு சரவிளக்குக்குப் போகலாம். பித்தளை என்றதும் தங்க நிறப் பெயின்ட் தேடுவார்கள். படத்தில் தங்கம் எங்கேயும் இல்லை. அம்பர், ஓக்கர், கறுப்புக்குப் பக்கத்துப் பழுப்பு, அதன் மேல் கூர்மையான சில வெளிர் மஞ்சள் கோடுகள், அவ்வளவுதான். உலோகம் மினுங்குவது நிறத்தால் இல்லை, மிக இருட்டும் மிக வெளிச்சமும் இடைவெளியே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால். வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அதில் ஜன்னலே ஒரு வளைந்த கீற்றாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படத்தைப் பார்த்தால் வான் ஐக் என்ன செய்தார் என்று விளங்கும். படியெடுக்கும்போது பக்கத்தில் உண்மைப் பொருள் ஒன்றை வைத்துக்கொள்வதை நான் கட்டாயமாகச் சொல்வேன். இல்லாவிட்டால் பழகுவது ஓவியம் இல்லை, போட்டோக்கொப்பி.

மெழுகுதிரியின் சுடருக்கு எவ்வளவு வெள்ளை வைப்பது? இந்த இடத்தில்தான் அர்த்தமும் வண்ணமும் சந்திக்கின்றன. சுடர் கடவுளைக் குறிக்கிறது என்று படித்துவிட்டு அதைப் பளிச்சென்று வரைந்தால் படம் கெட்டுவிடும். மெழுகுதிரி அறைக்கு வெளிச்சம் தரவில்லை. வெளிச்சம் முழுக்க ஜன்னலிலிருந்து வருகிறது. படத்தில் கண்ணை முதலில் இழுப்பது பெண்ணின் வெள்ளை முக்காடு. சுடர் அடக்கமான சின்ன மஞ்சள் கீற்று. கொஞ்சம் தேடித்தான் கண்ணுக்குப் படும். அந்தத் தேடல்தான் பார்ப்பவரை ‘பகலில் ஏன் விளக்கு?’ என்று கேட்க வைக்கிறது. கேள்வியை எழுப்பியது கதை இல்லை, எந்த அளவுக்கு வெளிச்சம் வைப்பது என்று ஓவியர் எடுத்த முடிவு.

இதே கண்ணோடு மற்றப் பொருட்களையும் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பு கத்தி போலக் கூர்மை. நாயின் விளிம்பு மயிர் மயிராகக் கரைகிறது. செருப்பின் மேல் வெளிச்சம் நீளமாக விழுகிறது. எங்கே கூர்மை, எங்கே மென்மை என்று பென்சிலால் பிரதியில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், பாதிக் குழப்பம் பலகைக்கு வராது.

அறையில் கவனம்

லயத்து அறையில் வரைகிறவர்களுக்கு இது. டர்பன்டைன் ஆவி தலைவலி தரும், தீயும் பிடிக்கும். விறகு எரியும் அறையில் போத்தலைத் திறக்கவே கூடாது. வெளி வாசலில் வைத்துக் கலக்குங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றிய சம்பவங்கள் உண்டு. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

தூரிகை கழுவ டர்பன்டைனைக் கொட்ட வேண்டியதில்லை. இங்கேதான் தேங்காய் எண்ணெய்க்கு வேலை: அதில் தோய்த்துத் துடைத்துவிட்டு, சன்லைட் சவர்க்காரத்தால் நுரை வெள்ளையாகும் வரைக்கும் கழுவினால் போதும். எண்ணெய் மிச்சம் இருக்கக்கூடாது.

வெளிச்சத்துக்குக் கவலை வேண்டாம். மூடுபனி நாட்களில் வாசலில் விழும் பரவலான வெளிச்சத்துக்குக் கொழும்பில் ஓவியர்கள் காசு கொடுத்து விளக்கு வாங்குகிறார்கள். பின்னேரம் இருட்டு முந்திக்கொள்ளும், காலையிலேயே உட்காருங்கள். வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். படத்திலும் அப்படித்தான் வருகிறது.

ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது

இரண்டு மூன்று துண்டுகள் படியெடுத்த பிறகு, அதே ஜன்னலை இன்னொரு முறை வரையுங்கள். பழத்தை எடுத்துவிட்டு உங்கள் பொருள் ஒன்றை வையுங்கள். அதே வெளிச்சம், அதே விளிம்பு, அதே படல வரிசை.

என்ன வைப்பது? சித்திரப் போட்டி என்றால் மலையகப் பிள்ளைகளின் கையில் உடனே கொழுந்துக் கூடை வந்துவிடும். கூடை, குனிந்த முதுகு, பின்னால் சூரியன். எனக்கு இதில் கொஞ்சம் சலிப்பு. கூடை என்பது உழைப்பு, துயரம் என்று எல்லாரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் யாரும் கூடையைப் பார்ப்பதில்லை. பிரம்பு எப்படிப் பின்னியிருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று படத்தில் இருக்காது. வான் ஐக்கின் செருப்பு முதலில் செருப்பு. சேற்றில் நடந்த செருப்பு. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கொழுந்து நிறுக்கும் தராசை எடுத்துக்கொள்ளலாம். கொக்கியோடு தொங்கும் பழைய வட்டத் தராசு: முகத்தில் கண்ணாடி, விளிம்பில் தேய்ந்த உலோகம், எண்கள், ஒரு முள். வான் ஐக்கின் கண்ணாடியில் படித்த பாடமும் சரவிளக்கில் படித்த பாடமும் இரண்டும் இங்கே வேலைக்கு வரும். முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கழிவு போக எத்தனை கிலோ என்ற சண்டை நடக்காத மலை உண்டா? தலைப்பில் எழுத வேண்டியதில்லை. முள்ளைத் தெளிவாகவும் மற்ற எண்களைக் கொஞ்சம் மங்கலாகவும் வரைந்தால் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் அதைப் படித்துவிடுவார். அல்லது தராசின் கண்ணாடியில் நிறுக்கும் இடமும் வரிசையும் சின்னதாகத் தெரியட்டும். வான் ஐக் வாசலில் நிற்பவர்களைக் கண்ணாடிக்குள் வைத்தது போல.

கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ குகை விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவை எண்ணெய் வண்ணம் இல்லை, நிழல் வெளிச்சமும் இல்லை. சிவப்புப் பின்னணியில் ஜாதகக் கதைகள், ஒரே ஆள் ஒரே பட்டையில் பல தடவை வருகிறார். பொருளை அடையாளமாக வைத்துக் கதை சொல்ல வெளிச்சமே தேவையில்லை என்பதற்கு அது சாட்சி. எந்த வழி உங்கள் தராசுக்குப் பொருந்தும் என்று அப்போது யோசிக்கலாம்.

படியெடுத்த பலகையில் ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. சுவரில் அந்த இலத்தீன் வரி வரும் பகுதியை எடுத்தீர்களானால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் ‘யான் வான் ஐக், 1434, படி’ என்றும் உங்கள் பெயர், திகதி, எந்தப் படலம் காய எத்தனை நாள் எடுத்தது என்றும் எழுதி வையுங்கள். நம் ஊர்க் குளிருக்கு ஏற்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, இரண்டாவது பலகைக்கு அதுதான் உதவும். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள், தடிப்பாகப் பூசிய இடம் இருந்தால் ஒரு வருடம். அதுவரை தூசி படாமல், ஆனால் மூடி அடைக்காமல் வைத்தால் சரி.